சிறுவாணி மலையைச் சுற்றி, அகளி வழியாக

கோயம்புத்தூரில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்று மேற்கே பார்த்தாலும் ஒரு மலைத்தொடர் தெரியும். மருதமலை, வெள்ளியங்கிரி, சிறுவாணி என்று பக்கத்துக்கு ஒரு பெயர் சொல்கிறோமே தவிர, அது எல்லாம் சேர்ந்து ஒரே மலைக்கூட்டம். அந்த மலைக்கு நாம் பார்க்கிற முகம் ஒன்றுதான். மற்ற மூன்று பக்கமும் கேரளத்தில் இருக்கிறது. அதை முழுசாகச் சுற்றி வர ரோடு உண்டு. கோவையிலிருந்து தடாகம், ஆனைகட்டி, அகளி, முக்காலி, மன்னார்க்காடு, பாலக்காடு, வாளையார், திரும்பக் கோவை. ஏறத்தாழ 170 கிலோமீட்டர். வழியில் அணைகளைப் பார்க்க ஒதுங்கினால் 200ஐத் தொடும்.

நான் ஒரு பம்ப் செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். இத்தனை மீட்டர் உயரத்துக்கு இத்தனை லிட்டர் தண்ணீரைத் தள்ளுகிறதா என்று பார்த்துச் சீட்டு எழுதுவது என் வேலை. அந்த உயரத்துக்கு எங்கள் தொழிலில் ‘ஹெட்’ என்று பெயர். ஒரு மீட்டர் ஹெட் கூடினால் மோட்டார் என்ன பாடுபடும் என்று நாள் முழுக்கக் காதால் கேட்கிறவள் நான். அதனாலோ என்னவோ, சைக்கிளில் மலை ஏறும்போது தண்ணீரைப் பற்றித்தான் யோசனை ஓடும். இந்தப் பாதை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனதற்கும் காரணம் தண்ணீர்தான். ஒரே மலையில் விழுகிற மழை வடக்கே சிறுவாணியாகவும், கிழக்கே நொய்யலாகவும், தெற்கே மலம்புழையாகவும் வாளையாறாகவும், மேற்கே காஞ்ஞிரப்புழையாகவும் பிரிந்து ஓடுகிறது. இதில் சிறுவாணி, காஞ்ஞிரப்புழை, மலம்புழை, வாளையார் என்று நான்கு அணைகள். நான்கும் இந்த வட்டத்துக்கு உள்ளேதான் இருக்கின்றன. ஒரு நாள் முழுக்க மிதித்தால் நான்கு திசைக்கும் தண்ணீர் கொடுக்கிற ஒரு மலையை வலம் வந்துவிடலாம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தத் திசையில் சுற்றுவது என்பது. இதை மலை தீர்மானிப்பதில்லை, காற்று தீர்மானிக்கிறது. நீலகிரிப் பக்கத்து மலைகளுக்கும் ஆனைமலைக்கும் நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே இல்லாத இடம்தான் பாலக்காட்டுக் கணவாய். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அரபிக்கடல் காற்று அந்த வாசல் வழியாகக் கிழக்கே பாய்கிறது. டிசம்பரில் இருந்து பிப்ரவரி வரை அதே வாசலில் எதிர்த்திசையில், கோவைப் பக்கமிருந்து கேரளத்துக்கு வீசுகிறது. ஆகவே மேல்காற்றுக் காலத்தில் ஆனைகட்டி வழியாகப் போய்ப் பாலக்காடு வழியாகத் திரும்பினால், களைத்துப்போன கடைசி 50 கிலோமீட்டருக்குக் காற்று முதுகைத் தள்ளும். தை, மாசியில் இதையே செய்தால் சமதரையிலேயே மலை ஏறுகிற பாடு. அப்போது வாளையார் வழியாக முதலில் போய், மன்னார்க்காட்டிலிருந்து அகளிப் பக்கத்து அட்டப்பாடிக்கு மலைப்பாதை ஏறித் திரும்புவதுதான் நல்லது. ஏற்றம் கூடுதல்தான். ஆனால் வளைவுகளில் நிழல் இருக்கிறது. எதிர்காற்றுக்கு நிழல் கிடையாது.

கொட்டுகிற ஜூலை மழையில் இந்தப் பக்கம் போக வேண்டாம். 2018 மழையில் அட்டப்பாடிச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதைப் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மழை அடங்கி, மேல்காற்று இன்னும் ஓயாத செப்டம்பர் கடைசி என் விருப்பம். மலையும் அப்போதுதான் முழுப் பச்சை.

கணுவாய், சோமையனூர், சின்னத்தடாகம் என்று கிளம்புகிறபோது ரோடு லேசாக ஏறிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். தடாகம் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் வெட்டப்பட்ட செம்மண் குழிகள். அனுமதியில்லாமல் நடந்த செங்கல் சூளைகள் 2021இல் மூடப்பட்டன. யானை நடந்த ஓடைகளையெல்லாம் வெட்டிச் செங்கலாக்கி ஊருக்கு அனுப்பிவிட்டிருக்கிறோம். கோவையில் வீடு கட்டிய நம் எல்லோர் சுவரிலும் இந்தக் குழியின் மண் இருக்கிறது என்பதை இந்த இடத்தில் மறக்க முடிவதில்லை.

மாங்கரை சோதனைச் சாவடி தாண்டினால் காடு. இங்கே ஒரு விதி: விடிந்த பிறகுதான் நுழைய வேண்டும். சைக்கிளில் சத்தம் இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற யானைக்கு நாம் வருவது தெரியாது, நமக்கும் அது நிற்பது தெரியாது. இருசக்கர வாகனக்காரருக்காவது ஆக்சிலேட்டர் இருக்கிறது. கிழக்கு வெளுத்து, பால் வண்டியும் முதல் பஸ்ஸும் போன பிறகு பின்னாலேயே போனால் போதும்.

கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர். ஆனைகட்டி சுமார் 600. வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனாலும் முதல் ஏற்றத்திலேயே பலம் காட்டுகிறவர்கள் முக்காலிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருக்கிற கியராகப் பார்த்து மாட்டுங்கள். பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றால் கியரை இறக்குங்கள். எங்கள் டெஸ்ட் பெஞ்சிலும் இதே கதைதான். ஹெட் கூடக் கூட டிஸ்சார்ஜ் குறையும். உயரமும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் மோட்டார் புகையும்.

ஆனைகட்டியில் பறவை ஆராய்ச்சிக்கான சாலிம் அலி மையம் இருக்கிறது. 1990இல் வந்தது. அதைத் தாண்டினால் கொடுங்கரைப் பள்ளம். அந்தச் சின்னப் பள்ளம்தான் இரண்டு மாநிலத்துக்கும் எல்லை. பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மன்னார்க்காடு நெல்லிப்புழை வரை 53 கிலோமீட்டர். மன்னார்க்காடு–சின்னத்தடாகம் ரோடு என்று இதற்குப் பெயர். அட்டப்பாடியின் கழுத்தில் போட்ட ஒரே சங்கிலி மாதிரி ஊர்களெல்லாம் இதில்தான் கோத்துக் கிடக்கின்றன.

இந்த 53 கிலோமீட்டர்தான் பாதையின் உண்மையான சோதனை. பெரிய ஏற்றம் ஒன்றும் கிடையாது. ஆனால் இறங்கினால் ஓடை, ஏறினால் மேடு, திரும்ப ஓடை. இறக்கத்தில் சேர்த்த வேகம் அடுத்த மேட்டின் பாதியிலேயே தீர்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு எண் பலகையாவது இருக்கும், எத்தனை தாண்டினோம் என்று தெரியும். இதற்குக் கணக்கே கிடையாது. வெயிலும் சேர்ந்துகொள்ளும். கிழக்கு அட்டப்பாடி மழை மறைவுப் பிரதேசம். முள்ளும் சப்பாத்தியுமாகக் காய்ந்து கிடக்கும் கரடுகளைப் பார்த்தால் இது கேரளம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு காலத்தில் இதைவிட மோசமாக இருந்ததாம். ஜப்பான் கடனுதவியோடு 1990களில் தொடங்கிய ‘அஹாட்ஸ்’ திட்டத்தில் மரம் நட்டும் தடுப்பணை கட்டியும் பல சரிவுகளை மீட்டிருக்கிறார்கள்.

இருளர், முதுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடி மக்களின் மண் இது. 1951இல் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் அவர்கள். இரண்டு பக்கச் சமவெளியிலிருந்தும் குடியேறியவர்கள் பெருகி, இன்றைக்குப் பாதிக்கும் குறைவாகிவிட்டார்கள். ராகியும் சாமையும் விளைந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பது பெரிய கதை, வலி நிறைந்த கதை. சைக்கிளில் ஒரு நாளில் கடந்து போகிற நான் அதைத் தெரிந்தவள் போல எழுதக் கூடாது. நம் ஊரில் பலருக்கு அட்டப்பாடி என்றால் ‘அய்யப்பனும் கோஷியும்’ படமும், அதில் பாடி 2022இல் தேசிய விருது வாங்கிய நஞ்சியம்மாவும்தான் நினைவுக்கு வருவார்கள். அவருடைய இருளப் பாட்டைக் கேட்டால் நமக்குப் பாதிக்கு மேல் புரியும். அவ்வளவு பக்கத்து மொழி, அவ்வளவு பக்கத்து மனிதர்கள்.

அகளிக்கும் கூளிக்கடவுக்கும் நடுவில் எங்கே ஒரு ஊர் முடிந்து எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியாது. கடைத்தெரு, ஜீப் ஸ்டாண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். டீக்கடையில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். கூட வந்தவர்களும் நானும் கட்டன் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரர் அவிநாசிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம்.

“கோயமுத்தூர்ல இருந்து சைக்கிள்லயேவா வர்றீங்?”

“ஆமாங்ணா. முக்காலி போய் மன்னார்க்காடு எறங்கறோம்.”

“இங்க வெயிலு. கல்கண்டி தாண்டுனா மழ புடிக்கும் பாருங்க. ரோட்டுல எல கெடக்கும், எறக்கத்துல பாத்துப் போங்கம்மிணி.”

அவர் சொன்னபடியே நடந்தது. காலையில் கழுத்தில் கட்டியிருந்த ஈரத்துணி அகளியில் காய்ந்து மொடமொடவென்று ஆகியிருந்தது. முக்காலியில் அதைப் பிழிந்தோம். கிழக்கே ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்கிற மலை, மேற்கே ஒரு சில பத்து கிலோமீட்டரில் மூவாயிரத்தைத் தாண்டுகிறது. புத்தகத்தில் ‘மழை மறைவு’ என்று படித்திருப்போம். சைக்கிளில் அதைத் தோலால் படிக்கலாம். முதலில் மண்ணின் நிறம் மாறும், பிறகு வாசனை, பிறகு தார் ரோட்டின் ஓரத்தில் பாசி. கடைசியில்தான் மழை.

அகளியின் பக்கத்தில் ஓடுவது சிறுவாணி ஆறு. கோவைக்காரர்கள் இந்த இடத்தில் சைக்கிளை நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை. மலைக்கு அந்தப் பக்கம் நாம் பெருமையாகக் குடிக்கிற தண்ணீரின் மறுபாதி இது. சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில் முதன்முதலாகச் சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வந்தது. ஆர்.எஸ். புரம் அவர் பெயர்தான். இப்போதிருக்கிற அணை பின்னால் வந்தது. 1973இல் இரண்டு மாநிலமும் 99 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டன. தமிழ்நாடு பணம் கொடுத்தது, கேரளம் தன் காட்டுக்குள் கட்டியது. 50 அடித் தேக்கம். அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் நம் பக்க அடிவாரத்துக்கு வருகிறது. மோட்டார் கிடையாது. வெறும் சரிவு. பகல் முழுக்கத் தண்ணீரை மேலே தள்ளுகிற இயந்திரங்களோடு இருக்கிற எனக்கு, நகரத்தின் ஒரு பகுதி ஒரு யூனிட் கரண்ட் இல்லாமல் மலையிலிருந்து தானாக இறங்குகிற தண்ணீரைக் குடிக்கிறது என்பது ஒவ்வொரு முறை நினைத்தாலும் நெஞ்சை நிறைக்கிறது. அணையை இந்த ரோட்டிலிருந்து பார்க்க முடியாது. அது நடுக்காட்டில் இருக்கிறது, அப்படி இருப்பதால்தான் தண்ணீர் அப்படி இருக்கிறது.

சிறுவாணி கூடப்பட்டியில் பவானியோடு சேர்ந்து, தமிழ்நாட்டுக்கே திரும்பிப் பில்லூருக்கும் பவானிசாகருக்கும் போகிறது. கேரளத்தில் கிழக்கே ஓடுகிற ஆறுகள் மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. காவிரித் தீர்ப்பில் கேரளத்துக்குக் கொடுத்த 30 டி.எம்.சி.யில் பவானிப் பங்கு 6. அகளிப் பக்கத்து விவசாயிகள் அந்தப் பங்குக்காகக் காத்திருக்கிறார்கள். கீழே ஈரோட்டுக்காரர்கள் அது வந்தால் என்ன ஆகுமோ என்று கவலைப்படுகிறார்கள். இரண்டு பேரின் கவலையும் நியாயமானது என்பது, காய்ந்த கரட்டையும் ஓடுகிற ஆற்றையும் ஒரே பார்வையில் பார்க்கிறபோது விளங்கும்.

முக்காலியில் அந்தப் பவானியின் திருப்பத்தைப் பார்க்கலாம். நீலகிரியில் பிறந்து தெற்கே இறங்கி வருகிற ஆறு, இங்கே மலை மறித்ததும் வடகிழக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்த முகட்டுக்கு அந்தப் பக்கம் குந்திப்புழை. அது பாரதப்புழையில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. முக்காலியில் பெய்யும் மழை வங்காள விரிகுடாவுக்கு, அடுத்த சரிவில் பெய்யும் மழை அரபிக்கடலுக்கு. நாம் அந்தக் கோட்டை ஒரு வாய்த் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தாண்டிவிடுகிறோம்.

குந்திப்புழையின் மேல்தான் இந்த மலைகளில் இன்னொரு அணை வர இருந்தது. சைரந்திரியில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் திட்டக்குழு அனுமதி கொடுத்தது. சைலண்ட் வேலி காடு மூழ்கும் என்று பேராசிரியர் எம்.கே. பிரசாத் எழுதினார், கவிஞர் சுகதகுமாரி வீதிக்கு வந்தார், மக்கள் அறிவியல் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் கணக்குப் போட்டுக் காட்டியது. அந்தக் காட்டின் சிங்கவால் குரங்கு நாடெங்கும் தெரிந்த முகமானது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டு, 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. முக்காலியிலிருந்து சைரந்திரிக்கு 23 கிலோமீட்டர். வனத்துறை ஏற்பாட்டில்தான் போக முடியும். நம் சைக்கிளுக்கு அங்கே வேலையில்லை. அணை கட்டிய காடு சிறுவாணி, அணை கட்டாத காடு குந்திப்புழை. இரண்டுக்கும் நடுவில் ரோடு போகிறது. நான் அணைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். என்றாலும் அந்தப் பக்கம் அணை வராமல் போனதற்காகச் சந்தோஷப்படுகிறேன்.

இனி இறக்கம். மன்னார்க்காட்டுக்காரர்கள் ‘சுரம்’ என்று சொல்கிற பத்து கொண்டை ஊசி வளைவு. 500 மீட்டருக்கு மேலிருந்து 100 மீட்டருக்கும் கீழே போகிறோம். ஏறினவர்களுக்கு இது பரிசு என்று நினைக்கக் கூடாது. இந்தப் பாதையில் அடிபடுகிற இடம் இதுதான். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி உள்ளே ட்யூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக் என்றால் பிடிமானம் குறைந்து கிறீச்சிடும். வளைவுக்கு முன்பே நேர்ரோட்டில் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவில் பிரேக்கை விட்டுத் திரும்ப வேண்டும். உடம்பை சீட்டின் பின்பக்கம் தள்ளி, வெளிப்பக்கத்து பெடலைக் கீழே வைத்து, பார்வையை வளைவு முடிகிற இடத்தில் வைக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவோம்.

ஏறி வருகிற கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸுக்கு வளைவில் ரோடு முழுவதும் வேண்டும். அதன் ஹார்ன் கேட்டதுமே வளைவுக்கு மேலே நின்றுவிடுவோம். டிரைவர் கை தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதையின் பழைய மரியாதை. பாதி இறக்கத்தில் நிறுத்தி டிஸ்க்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ‘ஸ்ஸ்’ என்று ஆவியானது. அது ஆறுகிற வரை பாறையில் வழிகிற தண்ணீருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம். அது கீழே நெல்லிப்புழைக்குப் போகிற தண்ணீர்.

மன்னார்க்காட்டில் சாப்பாடு. அதற்கப்புறம் பாலக்காடு வரை நெரிசலான தேசிய நெடுஞ்சாலை, புழுக்கம், ரப்பர்த் தோட்டம். சிறக்கல்படியில் இடதுபக்கம் ஒதுங்கினால் காஞ்ஞிரப்புழை அணை. கோவையில் பார்க்கிற அதே மலையின் மேற்கு முகத்தை அங்கே தண்ணீருக்குப் பின்னால் பார்க்கலாம். நம் பக்கம் வெளுத்த பாறை, இங்கே கறுத்த பச்சை.

நேரம் இருந்தால் பாலக்காட்டுக்கு முன் மலம்புழை. 1949இல் வேலை தொடங்கி 1955 அக்டோபரில் காமராஜர் திறந்துவைத்த அணை இது. அப்போது மலபார் சென்னை மாநிலத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் மாநிலங்கள் பிரிந்தபோது அணை கேரளத்துக்குப் போனது. அணைக்கட்டின் மேல் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிற மலைக்கு மறுபுறம்தான் சிறுவாணித் தேக்கம்.

இதைப் படித்துவிட்டு இதெல்லாம் ஒரே நாளில் ஆகிற காரியமா என்று கேட்பார்கள். 1897இல் இத்தாலியில் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்திலேயே சைக்கிளில் கடந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த ‘பிரெவே’ என்ற நீள்தூர ஓட்டம் இன்று கோவையிலும் நடக்கிறது. 200 கிலோமீட்டருக்கு அதில் கொடுக்கிற நேரம் 13 மணி 30 நிமிடம். யாரையும் முந்த வேண்டியதில்லை, நேரத்துக்குள் வந்தால் போதும். டீக்கும் சாப்பாட்டுக்கும் நின்று, சாதாரண உடம்புக்காரர்கள் முடிக்கிற தூரம்தான். மலைப்பழக்கம் இல்லாதவர்கள் மன்னார்க்காட்டில் ஓர் இரவு தங்கி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கஞ்சிக்கோட்டில் காற்று பிடிக்கும். செப்டம்பரில் அது ஒரு கை முதுகில் இருப்பது போலவே இருக்கும். ஆனால் அதை நம்பிப் பொழுதைக் கடத்தக் கூடாது. வாளையாரிலிருந்து மதுக்கரை வரை காட்டை ஒட்டி ஒரு பக்கம் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் இரண்டு ரயில் பாதைகள். மலையிலிருந்து தண்ணீருக்கு இறங்குகிற யானைகள் இரண்டையும் தாண்டியாக வேண்டும். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் இறந்தன. அதற்குப் பிறகு 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்தார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரயில்வேக்கும் வனத்துறைக்கும் உடனே தகவல் போகிறது. தண்டவாளத்துக்குக் கீழே யானை போக வழியும் அமைத்திருக்கிறார்கள். ரோட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதையும் செய்ய வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். நாலரை மணிக்குள் வாளையார் பாலம் தாண்ட முடியாது என்று பாலக்காட்டிலேயே தெரிந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்வது. சைக்கிளை ரயிலில் பார்சல் போட்டுவிட்டுப் பஸ்ஸில் வருவோம், அல்லது தங்கிவிட்டு மறுநாள் வெயில் வந்த பிறகு மிதிப்போம்.